அப்பாச்சி ஹெலிகாப்டரில் டி-வாலை ஏன் மாற்றினார்கள்?

கேள்வி:
1975 செப்டம்பர் 30-இல் முதலில் பறந்த ஒய்ஏஎச்-64 என்ற அப்பாச்சி முன்மாதிரியில், கிடைமட்ட வால் இறக்கை செங்குத்து வாலின் உச்சியில் அசையாமல், டி எழுத்துபோல் இருக்கிறது. உற்பத்திக்கு வந்த அப்பாச்சியில் அதுவே கீழே இறங்கி, அசையும் ஸ்டேபிலேட்டராகிவிட்டது. மேலே சுழலும் ரோட்டார் கீழே தள்ளும் காற்று படாமல் இருக்கத்தானே மேலே வைத்தார்கள்? பிறகு ஏன் அந்தக் காற்றுக்குள்ளேயே கொண்டுவர வேண்டும்? வால் ரோட்டாரின் நான்கு பிளேடுகளும் கூட்டல் குறிபோல் இல்லாமல் நசுங்கிய எக்ஸ் போல இருப்பது ஏன் என்றும் சொல்லுங்கள்.

பதில் 1:
ஓரிடத்தில் நிற்கும்போது ரோட்டார் காற்று கீழே போய்விடும். மெல்ல முன்னால் நகரும்போதுதான் அது பின்பக்கம் சாய்ந்து வால்மேல் விழும். வால் அழுந்தும், மூக்கு தூக்கும். பைலட் சைக்ளிக்கை (ஹெலிகாப்டரை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் சாய்க்கும் கைப்பிடி) முன்னால் தள்ளியே பிடிக்க வேண்டும். மர உயரத்தில் பறப்பவருக்கு முன்னால் இருப்பதே மறைந்துபோகும். உச்சியில் வைத்தாலும் தப்ப முடியாது. வேகம் கூடக்கூடச் சாயும் காற்று அங்கேயும் எட்டிவிடும்.

ஸ்டேபிலேட்டர் காற்றோடு ஒத்துப்போகிறது. குறைந்த வேகத்தில் பின்விளிம்பைக் கீழே இறக்கிக்கொள்ளும். ஓடும் தண்ணீரில் பலகையைக் குறுக்கே பிடிப்பதற்கும் விளிம்பைக் காட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். வேகம் ஏறினால் தானாகவே கிடைமட்டத்துக்கு வரும். வேகம், கலெக்டிவ் (ரோட்டாரின் தூக்குவிசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) இருக்கும் நிலை, மூக்கு ஏறி இறங்கும் வேகம் மூன்றையும் பார்த்துத்தான் கோணம் முடிவாகிறது.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. பின்விளிம்பு கீழே இறங்கிய நிலையில் சிக்கிக்கொண்டு, அப்படியே வேகம் எடுத்தால் வால் தூக்கும், மூக்கு கீழே குத்தும். சைக்ளிக்கை முழுக்கப் பின்னால் இழுத்தாலும் சமாளிக்க முடியாத கட்டம் வரும். அதனால்தான் கோணத்தையும், அந்தக் கோணத்துக்கு எவ்வளவு வேகம்வரை போகலாம் என்பதையும் காக்பிட்டில் காட்டுகிறார்கள். தானியங்கி முறை பழுதானால் முதலில் வேகத்தை அந்த வரம்புக்குள் கொண்டுவர வேண்டும், பிறகு கையால் கோணத்தைச் சரிசெய்ய வேண்டும். இந்த வரிசை மாறவே கூடாது.

பதில் 3:
வால் ரோட்டார் விஷயம்: நான்கு பிளேடும் ஒரே தளத்தில் இல்லை. பின்னால் நின்று பார்த்தால் ஒரு ஜோடி உள்ளேயும் மற்றது சற்று வெளியேயும் தெரியும். சீசா பலகைபோல் ஆடும் இரண்டு இரு-பிளேடு ரோட்டார்கள் ஒரே தண்டில் அடுத்தடுத்து இருக்கின்றன. இடைக்கோணம் 90 டிகிரி இல்லை, 55-உம் 125-உம். சம இடைவெளியானால் பிளேடுகள் காற்றை அடிக்கும் துடிப்புகள் ஒரே சீராக வந்து ஒரு சுருதியில் குவியும். சமமில்லாவிட்டால் ஒலி பல அலைவெண்களில் சிதறும், சத்தம் உறைப்பது குறையும்.