துபாயில் செர்வல் குட்டி: யாரிடம் ஒப்படைப்பது?

வணக்கம். துபாயில் இருப்பவர்கள், கால்நடை மருத்துவம் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். எங்கள் குடியிருப்பில் ஒருவர் செர்வல் குட்டி வாங்கி வளர்க்கிறார். ஆப்பிரிக்கப் புல்வெளிப் பூனை. நீண்ட கால், பெரிய காது, உடம்பெல்லாம் கரும்புள்ளி. வளர்ந்தால் 2 மீட்டருக்கு மேல் எம்பிப் பறவையைப் பிடிக்கும். இந்தக் குட்டியோ முன்னங்கால் வளைந்து, சோபாவில்கூட ஏற முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. எலும்பில்லாத கோழிக்கறி மட்டும்தான் போடுகிறார்கள். கால்சியம் குறைவால் வரும் எலும்பு நோயாக இருக்குமோ? உடனே உணவில் என்ன மாற்றலாம்?

அமீரகத்தின் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆபத்தான காட்டு விலங்குகளைத் தனியார் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. எடுத்துச் சொன்னேன், ஒப்படைக்கச் சம்மதித்துவிட்டார். ஆனால் அபராதத்துக்குப் பயந்து எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுவாரோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. இப்படி முறையாக ஒப்படைத்த அனுபவம் உள்ளவர்கள், முதலில் யாரை அணுகுவது என்று சீக்கிரம் சொல்லுங்கள்.