9 நிறுத்தமா, 3 நிறுத்தமும் படகுமா? ஒரு நாள் கடலோரச் சுற்றுலாவுக்கு யோசனை தேவை

நெய்தல் கேட்டது:

வழிகாட்டியோடு ஒரு நாள் கடலோரச் சுற்றுலா. கையில் இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. முதலாவது, வேனில் 12 மணி நேரம், சுமார் 400 கி.மீ., 9 இடங்கள். இரண்டாவது, 8 மணி நேரம், 3 இடங்கள், அதோடு 2 மணி நேரப் படகுப் பயணம். இதில் கடல்நாய்களையும் டால்பின்களையும் "பார்ப்பது உறுதி" என்று போட்டிருக்கிறார்கள். போகிறவர்கள் நான்கு பேர்: பெரியவர்கள் இருவர், முழங்கால் வலியுள்ள அம்மா, 7 வயதுப் பையன். காட்சியும் வேண்டும், விலங்கும் பறவையும் வேண்டும்.

எதை எடுக்கலாம்? பணம் கட்டும் முன் நடத்துபவர்களிடம் என்ன கேட்க வேண்டும்? படகில் குமட்டலுக்கு மாத்திரை எப்போது போட வேண்டும்? பைனாகுலர் 10 மடங்கு போதுமா, 12 மடங்கு வாங்கணுமா?

மணிக்கணக்கு:

முதல் திட்டத்தைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 400 கி.மீ. கடலோரச் சாலை வளைந்து வளைந்து போகும். சராசரி மணிக்கு 60 கி.மீ. கிடைத்தாலே அதிர்ஷ்டம். ஓட்டத்துக்கு மட்டும் 6 மணி 40 நிமிடம். சாப்பாட்டுக்கு 45 நிமிடம். மிஞ்சுவது 275 நிமிடம். 9 இடத்துக்குப் பிரித்தால் இடத்துக்கு 30 நிமிடம். இருபது பேர் இறங்கி ஏற 10 நிமிடம் போகும். வண்டி நிற்கும் இடத்திலிருந்து காட்சிமுனைக்கு நடை 6 நிமிடம், திரும்ப 6 நிமிடம். ஆக நின்று பார்க்கக் கிடைப்பது 8 நிமிடம். முழங்கால் வலியுள்ளவருக்கு அந்த எட்டும் நடையிலேயே கரைந்துவிடும்.

எனவே எத்தனை இடம் என்று கேட்காதீர்கள். "ஒவ்வோர் இடத்திலும் வண்டிக் கதவு திறந்ததிலிருந்து மூடும் வரை எத்தனை நிமிடம்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர் அந்தப் பட்டியலை விற்கிறாரே தவிர, நடத்துவதில்லை.

அடுத்தது வெயில். கிழக்கு பார்த்த பாறைச் சுவர் காலையில் ஒளிரும், மதியத்துக்கு மேல் நிழலில் கறுத்துவிடும். மேற்கு பார்த்த கரைக்கு நேர்மாறு. மிதவெப்ப நாடுகளில் இன்னொரு சிக்கல்: நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வடக்கு பார்த்த பாறைக்கும், தெற்கே தெற்கு பார்த்த பாறைக்கும் ஆண்டில் ஏறக்குறையப் பாதி நாள் நேர்வெயிலே விழாது. வரைபடத்தில் கரை எந்தத் திசை பார்க்கிறது என்று பார்த்து, அவர்கள் சொல்லும் நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

வேனில் எந்தப் பக்கம் உட்காருவது என்பதும் சும்மா இல்லை. ஆஸ்திரேலியாவின் கிரேட் ஓஷன் ரோட்டில் (243 கி.மீ., 1919 முதல் 1932 வரை போடப்பட்டது) மேற்கு நோக்கிப் போனால் கடல் இடப்பக்கம். அங்கே வண்டிகளும் சாலையின் இடப்பக்கம் ஓடுவதால், இடது ஜன்னலுக்கும் கடலுக்கும் நடுவே ஒன்றுமில்லை. கூட்டத்தைத் தவிர்க்க வழியைத் திருப்பிப் போட்டு, உள்நாட்டுச் சாலையில் போய்க் கரைவழியே திரும்பினால், கடல் வலப்பக்கம் வந்துவிடும். பார்வை எதிர்வரும் வண்டிகளைத் தாண்டித்தான் போகும். வழி திருப்பப்படுமா என்று முன்கூட்டிக் கேட்டுவிட்டு இடம் பிடியுங்கள்.

ஓதநேரம்:

மேலே சொன்னது வண்டிக் கடிகாரம். கடலுக்குத் தனிக் கடிகாரம் உண்டு. அதைப் பார்க்காமல் தேதி குறிக்காதீர்கள்.

பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறி வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் மறுநாள் அதே ஏற்றம் 50 நிமிடம் தள்ளி வரும். நடத்துபவரோ தினமும் காலை 8 மணிக்கே கிளம்புவார். ஒரு நாள் உச்ச ஏற்றத்தில் போய் நிற்பீர்கள், ஒரு வாரம் கழித்துப் போனவர் அதே இடத்தில் அடிவற்றத்தில் நிற்பார். இருவரும் பார்த்தது ஒரே கரை என்று சொன்னால் நம்ப முடியாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வேறுபாடு பெரிது, அரைநிலவு நாட்களில் சிறிது.

நீர் ஒரே வேகத்தில் ஏறுவதுமில்லை. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் மணிக்கு 1, 2, 3, 3, 2, 1 பங்கு. அதாவது நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் மொத்தத்தில் பாதி ஏறிவிடும். பாறைக்குகை, மணல்திட்டு என்று இறங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இந்த நேரத்தில்தான். முதல் மணி நேரம் மெதுவாக ஏறியதைப் பார்த்து இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள்.

விலங்குக்கு வருவோம். கடல்நாய்கள் வற்றத்தில் வெளிப்படும் பாறையிலும் திட்டிலும் ஏறிப் படுக்கும். ஏற்றத்தில் அந்தப் பாறையே இருக்காது. கரைப்பறவைகளுக்கு வேறு கணக்கு. வற்றத்தில் அவை சேற்றுவெளி முழுக்கப் பரவி, ஒரு கி.மீ. தள்ளிப் புள்ளிபோலத் தெரியும். நீர் ஏற ஏறக் கரையோரம் ஒதுக்கப்பட்டு நெருங்கி வரும். உள்ளான், கோட்டான் (ஆந்தையல்ல, வளைந்த நீண்ட அலகுள்ள கரைப்பறவை) எல்லாம் கண்ணுக்கு எட்டுவது உச்ச ஏற்றத்துக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில்.

அம்மாவுக்காக ஒன்று. மிதவைத் துறையில் படகேற நடைபாலம் இருக்கும். ஏற்றத்தில் மட்டமாக இருக்கும் 12 மீட்டர் பாலம், நீர் 4 மீட்டர் வற்றினால் மூன்றுக்கு ஒன்று என்ற சரிவாகிவிடும், அதுவும் ஈரமாக. நிலைத் துறையாக இருந்தால் வற்றத்தில் ஏணியில் இறங்கவேண்டி வரலாம். கடல்நாய்க்கு வற்றம் வேண்டும், முழங்காலுக்கு ஏற்றம் வேண்டும். இரண்டும் பொருந்துவது, ஏற்றம் தணியத் தொடங்கி ஓரிரு மணி நேரத்தில் ஏறி, பாதி வற்றம் வரை பாறையருகே இருப்பது. அப்படிப் போனால் திரும்பி இறங்கும்போது நீர் இன்னும் தாழ்ந்திருக்கும். அதனால் இறங்கும் துறை எப்படி என்பதையும் கேட்டுவையுங்கள்.

நடுத்தட்டு:

படகு பத்தி நான் சொல்றேன்.

முதல்ல "உறுதி"ன்னா என்னன்னு எழுத்துல கேளுங்க. விலங்கு வரலைன்னா பெரும்பாலும் பணம் திரும்பாது, இன்னொரு நாள் இலவசமா ஏத்திப்பாங்க. ஒரு நாளைக்கு வர்றவங்களுக்கு அதால ஒரு பிரயோசனமும் இல்லை. 2 மணி நேரம்ங்கறதும் கயிறு அவிழ்த்ததுல இருந்தா, பாதுகாப்பு விளக்கம் சொல்ற நேரத்துல இருந்தான்னு கேளுங்க. 15 கி.மீ. தள்ளி இருக்கற பாறைக்கு 20 நாட் வேகத்துல, அதாவது மணிக்கு 37 கி.மீ., போக 24 நிமிஷம், வர 24 நிமிஷம். மிச்சம் 72 நிமிஷம். பரவாயில்லை, அது நல்ல கணக்கு.

படகு என்ன வகைன்னு பாருங்க. காத்தடிச்ச ரப்பர் விளிம்பு வேகப்படகுன்னா முழங்கால், முதுகு வலி இருக்கறவங்களை ஏத்தாதீங்க. அலை மேல ஏறி விழற ஒவ்வொரு அடியும் நேரா முதுகெலும்புக்குப் போகும். கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. கூரையும் கழிப்பறையும் உள்ள பெரிய படகுதான் உங்க குடும்பத்துக்கு.

உட்கார வேண்டியது நடுவுல, கீழ்த்தட்டுல. அணியத்துல (அதாங்க, முன்முனை) குத்தி எழும்பும். பின்னால டீசல் புகை. மேல்தட்டுல இருந்து நல்லா தெரியும், ஆனா ஊஞ்சல் மாதிரி ஆடும்.

காத்து: காலையில கிளம்பறதைப் பிடிங்க. வெயில்ல நிலம் சூடானதும் கடற்காத்து கிளம்பி மதியம் ஏறிக்கும். 7 முதல் 10 நாட் வரைக்கும் சரி, அங்கங்கே வெள்ளை நுரை தெரியும். அதைத் தாண்டினா நிறைய அலை வெள்ளையாத் தெரியும், அதுல டால்பின் முதுகைத் தேடிக் கண்டுபிடிக்கறது கஷ்டம். அலை உயரம் மட்டும் பார்க்காதீங்க, இடைவெளி பாருங்க. 1 மீட்டர் அலை 12 நொடிக்கு ஒண்ணுன்னா தாலாட்டு. அதே 1 மீட்டர் 5 நொடிக்கு ஒண்ணுன்னா வயிறு கலங்கும். நீரோட்டத்துக்கு எதிரா காத்தடிச்சா அலை இன்னும் செங்குத்தாகும். கரையில இருந்து கடலைப் பார்த்து காத்தடிக்கற நாள்ல ஏமாறாதீங்க, ஓரத்துல கண்ணாடி மாதிரி இருக்கும், வெளிய போனா தெரியும்.

மாத்திரை வேலை செய்ய நேரம் எடுக்கும். டைமன்ஹைட்ரினேட் அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் முன்னால. மெக்லிசின் ஒரு மணி முன்னால. சின்னரிசின் 2 மணி முன்னால. குமட்டல் ஆரம்பிச்சப்புறம் போட்டா வயித்துலயே நிக்காது. எல்லாமே தூக்கம் வர வைக்கும், வண்டி ஓட்டப்போறவர் யோசிக்கணும். காதுக்குப் பின்னால ஒட்டற ஸ்கோபொலமின் பட்டை 4 மணி நேரமாவது முன்னால ஒட்டணும். அதைத் தொட்ட கையால கண்ணைக் கசக்கினா கண் பாப்பா விரிஞ்சு பார்வை மங்கும், சோப்பு போட்டுக் கை கழுவுங்க. கண் அழுத்த நோய் உள்ளவங்களுக்கு ஆகாது, குழந்தைக்கும் கூடாது. பையனுக்கும் அம்மாவுக்கும் எது, எவ்வளவுன்னு மருத்துவர்கிட்ட கேட்டுதான். மாத்திரை போட்டாலும் தொடுவானத்தைப் பாருங்க, போனைக் குனிஞ்சு பார்க்காதீங்க. உள்காது ஆடுதுங்கும், கண்ணு ஆடலைங்கும், அந்தச் சண்டைதான் குமட்டல்.

பையனோட லைஃப் ஜாக்கெட் எடைக்கு ஏத்ததா, கால்நடுவுல வார் இருக்கறதா கேளுங்க. மாட்டிட்டு தோள்பட்டையைப் பிடிச்சுத் தூக்கிப் பாருங்க. காது வரைக்கும் ஏறி வந்தா அது பெரிசு.

நெய்தல்:

நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. இரண்டாவது திட்டம்தான் என்று ஆகிவிட்டது. விலங்குகளை எவ்வளவு நெருங்குவார்கள்? பையன் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று அடம் பிடிப்பான். பைனாகுலர் கேள்வி அப்படியே நிற்கிறது.

கரைப்பறவை:

12 மடங்கு வேண்டாம். ஆடும் படகில் உருப்பெருக்கம் கூடக் கூட நடுக்கமும் கூடும், பார்வைப் பரப்பும் சுருங்கும். பறவையைக் கண்ணாடிக்குள் கொண்டுவருவதற்குள் அது பறந்துவிடும். 8×42 எடுங்கள் (8 மடங்கு, முன்கண்ணாடி விட்டம் 42 மில்லிமீட்டர்). 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, அதுதான் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் விட்டம், மில்லிமீட்டரில். வட்டம் பெரிதாக இருந்தால் படகு ஆடும்போதும் காட்சி கறுத்துக் கறுத்து மறையாது. படகுக்காரர்கள் 7×50 வைத்திருப்பது இதனால்தான், ஆனால் அது கனம். நடுக்கம் அடக்கும் வகை கைக்கு வந்தால் 10, 12 மடங்கும் சரிப்படும்.

நெருங்குவது பற்றி: ஆஸ்திரேலியாவில் பொதுவாகத் திமிங்கலத்துக்கு 100 மீட்டர், டால்பினுக்கு 50 மீட்டர் என்று விதி. வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலத்துக்கு அமெரிக்காவில் 500 கெஜம், அதாவது 457 மீட்டர். நல்ல படகோட்டி நேர் எதிரிலும் நேர் பின்னாலும் போகமாட்டார். பக்கவாட்டில் இணையாகப் போய் எஞ்சினை நியூட்ரலில் போடுவார். டால்பின் தானே நெருங்கி வந்தால் அது அதன் விருப்பம், பையனுக்கு அதிர்ஷ்டம். துரத்துகிற படகில் கொஞ்ச நேரத்தில் எல்லாம் மூழ்கிப் போய்விடும்.

பாறையில் படுத்திருக்கும் கடல்நாய் தலையைத் தூக்கிப் பார்த்தாலே நெருங்கியது அதிகம் என்று பொருள். இன்னும் போனால் கூட்டமே கடலுக்குள் பாயும், குட்டிகள் நசுங்கும். கரையில் எதிர்ப்பட்டால் அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் நிற்கவே கூடாது. கூழாங்கல் கரையில் ஏற்றக்கோட்டுக்கு மேலே நடக்காதீர்கள். சிலவகைப் பறவைகள் கல்லோடு கல்லாக முட்டையிட்டிருக்கும், மிதித்த பிறகுதான் தெரியும்.

தேடும் வித்தை: நீரை வெறிக்காமல் பறவைகளைப் பாருங்கள். ஓரிடத்தில் பறவைகள் வானிலிருந்து அம்புபோல நீரில் குத்தினால் கீழே மீன்கூட்டம் உண்டு, டால்பினும் இருக்கலாம். திமிங்கலமென்றால் மூச்சுப்புகை. பக்கவாட்டில் இடது முன்னோக்கிச் சாய்ந்து எழுந்தால் அது விந்துத் திமிங்கலம், அதன் மூச்சுத்துளை இடப்பக்கம். அது மூழ்கினால் 40 நிமிடத்துக்கும் மேல் காத்திருக்க நேரலாம். கூன்முதுகுத் திமிங்கலம் பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடத்தில் மேலே வரும். வழிகாட்டி "3 மணி" என்று கத்தினால் நேரம் சொல்லவில்லை: படகின் முன்முனை 12, வலக்கைப் பக்கம் 3. பையனுக்கு இதை முன்கூட்டிச் சொல்லிக்கொடுங்கள், அவனே முதலில் கண்டுபிடிப்பான்.

அந்த 3 நிறுத்தங்களில் உயரமான முனை ஏதாவது இருந்தால் விடாதீர்கள். கண்மட்டம் 4 மீட்டர் உயரத்தில் இருக்கும் படகிலிருந்து தொடுவானம் 7 கி.மீ. 50 மீட்டர் உயரப் பாறையிலிருந்து 25 கி.மீ. அம்மா படகுக்கு வராமல் அங்கேயே உட்கார்ந்தாலும் பைனாகுலர் இருந்தால் இழப்பு குறைவு. விளிம்பில் மட்டும் நிற்கவேண்டாம், அடியில் அலை அரித்து மேல்பகுதி வெறும் கூரையாக நிற்கும் இடங்கள் உண்டு.

உப்புக்கண்ணாடி:

கேமரா பற்றி யாரும் சொல்லவில்லை, சுருக்கமாக. பறவைக்கும் டால்பினுக்கும் ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் கீழே போகாதீர்கள், முடிந்தால் 1/2000. போலரைசிங் ஃபில்டர் நீரின் பளபளப்பை வெட்டும், ஆனால் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) ஒளியையும் தின்னும். பறவைக்குக் கழற்றிவிடுங்கள். படகில் லென்ஸ் மாற்றாதீர்கள்.

கடல்நீர் தெறித்தால் உலர்ந்த துணியால் தேய்க்கக் கூடாது, உப்புப் படிகம் கண்ணாடியைக் கீறும். நன்னீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்த பிறகுதான் துடைக்க வேண்டும். சன்ஸ்கிரீன் தடவிய விரலும் லென்ஸுக்கு எதிரி, தடவியதும் கையைக் கழுவுங்கள்.

பலர் கோட்டை விடுவது வேனில். ஏசியில் குளிர்ந்த லென்ஸை ஈரக்காற்றில் எடுத்ததும் பனிபடரும், உங்கள் காட்சிமுனை நேரம் துடைப்பதிலேயே போகும். கேமராவையும் பைனாகுலரையும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, ஏசிக் காற்று நேரே படாமல் வையுங்கள். இறங்கியதும் பையை உடனே திறக்காதீர்கள். பனி பையின் வெளியே படரும், கண்ணாடியில் படராது. வெப்பம் சமனானதும் எடுக்கலாம். படகுத் துறைக்கு அரை மணி முன்னால் ஏசியைக் குறைக்கச் சொல்ல முடிந்தால் இன்னும் சுலபம்.