பகலில் பிரஸ், ராத்திரியில் லினோ: உங்களுக்குக் கிடைத்த சந்திப்புகளைச் சொல்லுங்கள்

வேலைக்கும் போய்க்கொண்டு, லினோகட் (லினோலியம் ஷீட்டைச் செதுக்கி அச்சடிப்பது), வுட்கட் (மரப்பலகையைச் செதுக்கி அடிப்பது), எட்சிங் (உலோகத் தகட்டை ஆசிடால் அரித்து அடிப்பது) என்று ஏதாவது செய்துகொண்டு, கூடவே காமிக்ஸ், அனிமே, சினிமா என்று எதன்மேலாவது உயிரை வைத்திருப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் நடுவில் நீங்கள் சந்தித்த மனிதர்களைப் பற்றி எழுதுங்கள். முதலில் நான் எழுதிவிடுகிறேன்.

கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் படித்துவிட்டு, இப்போது சென்னையில் அட்டைப்பெட்டி அடிக்கும் ஓர் ஆப்செட் பிரஸ்ஸில் இருக்கிறேன். மருந்துப் பெட்டி, மசாலாப் பெட்டி, ஸ்வீட் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் டிசைனைச் சரிபார்த்து பிளேட்டுக்கு அனுப்புவது என் வேலை. தீபாவளி நெருங்கினால் எத்தனை மணிக்கு வீடு திரும்புவேன் என்று சொல்லவே முடியாது. கூடப் படித்தவர்கள் சிலர் "அங்கே போனால் உன் கை போய்விடும்" என்றார்கள். போகவில்லை. இன்னும் கூர்மையாகத்தான் ஆனது, அதற்குக் காரணம் எங்கள் மெஷினில் நிற்கும் ஓர் அண்ணன்.

இங்க் டப்பாவைத் திறந்ததும் அவர் விரல் நுனியில் துளி எடுத்து, கட்டை விரலோடு ஒட்டி ஒட்டிப் பிரிப்பார். நடுவில் இங்க் நூலாக இழுபடும். அந்த நூல் எவ்வளவு தூரம் வந்து அறுகிறது என்று பார்த்தே, இறுகியிருக்கிறதா இளகியிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஒரு மழைக்காலத்தில் நான் வீட்டில் அடித்த இரண்டு நிற லினோ பிரிண்டை அவரிடம் காட்டினேன். லென்ஸை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ரெஜிஸ்டர் ஓடுதும்மா, ஒரு நிறத்து மேல இன்னொண்ணு சரியா உக்காரல. பேப்பர் ஈரம் குடிச்சிருக்கு. முந்தின நாளே அந்த ரூம்லயே பரப்பி வை, அந்தக் காத்துக்குப் பழகட்டும், அப்புறம் அடி." அன்றிலிருந்து அப்படித்தான் செய்கிறேன், நிறம் விலகுவது நின்றுவிட்டது. அதோடு, பொங்கலுக்கு முன்னால் என்னிடம் ஒரு பிரிண்ட் கேட்டு வாங்கிப் போய் வீட்டில் மாட்டியிருக்கிறார்.

எனக்குப் பித்து பழைய தமிழ் காமிக்ஸ்மேல். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு கிளம்பியது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அப்பா சேர்த்து வைத்திருந்ததில்தான் நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். மாயாவியை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஒரு முகத்தின் பாதியை அப்படியே கறுப்பில் விட்டுவிட்டு, மீதிப் பாதியில் நாலு கோட்டில் பயத்தைக் கொண்டுவந்துவிடுவார். ஒரே நிறத்தில் லினோ அடிக்கும்போது சாம்பல் என்று ஒன்று கிடையாது. செதுக்கினால் வெள்ளை, விட்டால் கறுப்பு, நடுவில் கிடைப்பதெல்லாம் கோடுகளின் நெருக்கம்தான். எதை விடுவது என்பதை நான் அந்தப் பக்கங்களில்தான் கற்றுக்கொண்டேன், இதை யாரிடமும் சொல்லத் தயங்கமாட்டேன்.

2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் சென்னையின் முதல் காமிக் கான் (காமிக்ஸ், அனிமே ரசிகர்கள் கூடும் விழா) நடந்ததே, அதில் தோழி ஒருத்தியின் மேசை ஓரத்தில் என் பிரிண்ட்கள் கொஞ்சம் வைத்திருந்தேன். அனிமே ஹெட்பேண்ட் கட்டிய ஒரு பையனும் அவன் அப்பாவும் வந்தார்கள். அப்பா ஒன்றை எடுத்துப் பார்த்து "இது ஜெராக்ஸாம்மா?" என்றார். நான் செதுக்கிய லினோ பிளாக்கைக் கையில் கொடுத்தேன், அதில் எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி இருக்கும். பையன் எழுத்தின்மேல் விரலை ஓட்டிவிட்டு, "கொம்பு அந்தப் பக்கம் போயிருக்கு" என்று சரியாகப் பிடித்தான். கீழே பென்சிலில் 3/20 என்று இருந்ததைக் கேட்டான். இந்த பிளாக்கில் இருபதுதான் அடிப்பேன், இது மூன்றாவது என்றேன். அப்பா கொஞ்சம் யோசித்து, "அப்ப இருபதுமே ஒரிஜினலா?" என்றார். ஆமாம் சார், அவ்வளவுதான் விஷயம்! கல்லூரியில் ஒரு செமஸ்டர் முழுக்க நாங்கள் பேசியதை மனிதர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

இதற்கு நேர் எதிரான சந்திப்பும் உண்டு. ஒரு கண்காட்சியில் மூத்த ஓவியர் ஒருவர் என் பிரிண்ட்களைப் புரட்டிவிட்டு, "கை நன்றாக இருக்கிறது, இந்தக் காமிக்ஸை எல்லாம் விட்டுவிட்டு சீரியஸாக ஏதாவது செய்" என்றார். அவர்மேல் மரியாதை உண்டு, ஆனால் இதை ஒத்துக்கொள்ள முடியாது. 1794-95-இல் ஜப்பானில் ஷராகு செய்த மரச்செதுக்கு அச்சுகள் இன்று உலக மியூசியங்களில் இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை கபுகி நாடக நடிகர்களின் படங்கள், வாங்கியவர்கள் நாடகப் பைத்தியங்கள். அவ்வளவு தூரம் போவானேன், நம் கோவில்பட்டி கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தவர். அவர் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசியில் காலண்டராகி எத்தனை வீட்டுப் பூஜையறையில் இருந்தன! ஜனங்கள் எதை விரும்புகிறார்களோ அதோடு சேர்ந்தேதான் அச்சு வளர்ந்திருக்கிறது. காமிக்ஸ் பிடித்தால் கலை குறைந்துவிடும் என்பது எனக்குப் புரியவே இல்லை.

ஒன்று மட்டும் கறாராக வைத்திருக்கிறேன். அடுத்தவர் உருவாக்கிய பாத்திரத்தைச் செதுக்கினால் விற்கமாட்டேன், நண்பர்களோடு மாற்றிக்கொள்வேன். விலை போடுவது என் சொந்தப் படங்களுக்குத்தான்.

*

அக்கா, நான் சிவகாசிக்காரன், கோயம்புத்தூரில் ஐடி வேலை, சனி ஞாயிறில் வுட்கட். எங்கள் தாத்தாவின் நண்பர் ஒருவர் கல்லில் படம் வரைந்து அச்சடித்த லித்தோ காலத்தில் தீப்பெட்டி லேபிள், வெடி லேபிள் போட்டவர். போன தடவை ஊருக்குப் போனபோது அவரிடம் உட்கார்ந்து கேட்டேன். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல்லாம். வேலை முடிந்ததும் மணலும் தண்ணீரும் போட்டு, கல்மேல் கல்லை வைத்துத் தேய்த்து, பழைய படத்தை அழித்துவிட்டு அதிலேயே அடுத்ததைப் போடுவார்களாம். "வருத்தமா இருக்காதா தாத்தா?" என்றேன். "லேபிள்தான் ஊரெல்லாம் போயிருச்சே, கல்லு எதுக்கு?" என்றார். நான் கொண்டுபோன பிரிண்டைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார், எவ்வளவு அழுத்தியிருக்கிறேன் என்று தெரியுமாம்.

*

சூப்பர் அக்கா. நான் இப்போதுதான் வேலையில் சேர்ந்திருக்கிறேன், கல்லூரியை விட்டதும் பிரஸ் மெஷின் கிடைக்காமல் போய்விட்டது. என்ன செய்வது?

*

தம்பி, சென்னையில் இருந்தால் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமியில் கிராபிக்ஸ் ஸ்டுடியோ இருக்கிறது, நேரில் போய் விசாரி. எட்சிங் செய்ய அந்த மாதிரி இடம்தான் சரி, ஆசிடை வீட்டுக்குள் கொண்டுவராதே. லினோவுக்கு மெஷினே வேண்டாம், மெல்லிய பேப்பரை வைத்து எவர்சில்வர் கரண்டியின் முதுகால் வட்டம் வட்டமாகத் தேய். நான் வேலை நாளில் செதுக்க மட்டும் செய்வேன், அதை அரை மணி நேரத்தில் எடுத்து வைத்துவிடலாம். இங்க்கைத் தொடுவது ஞாயிறு மட்டும்தான். லினோ இறுகியிருந்தால் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்துவிட்டுச் செதுக்கு, வெண்ணெய் மாதிரி வரும். உளி போகிற திசையில் இடது கையை வைக்காதே.