மிசூரியிலிருந்து சான்டா ஃபே வரை வியாபார வண்டிகள் போன பழைய அமெரிக்கப் பாதை, சான்டா ஃபே பாதை. அதில் உங்களை விடாமல் துரத்தும் இடம் எது?

புழுதிக்கால்:
கொலராடோவில் லா ஹூண்டா பக்கத்தில் இருக்கும் பென்ட்ஸ் ஓல்ட் ஃபோர்ட். பென்ட் குடும்பத்தின் பழைய வியாபாரக் கோட்டை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். வண்டியை நிறுத்திவிட்டு நடக்கும்போதே மயில் அகவுகிறது, சுற்றிலும் வெறும் புல்வெளி! (அந்தக் காலத்திலேயே அங்கே மயில் வளர்த்தார்களாம், அதனால் இப்போதும் வைத்திருக்கிறார்கள்.) ஆனால் எனக்கு மனதில் நிற்பது மாடியில் இருக்கும் சூசன் மகோஃபின் அறை. 1846 ஜூலை கடைசி, வியாபாரியான கணவனோடு சான்டா ஃபே போகிற வழியில், 19 வயதுப் பெண்ணுக்கு அந்தக் கோட்டையில் கரு கலைந்துவிட்டது. முற்றத்தில் குதிரைக்கு லாடம் அடிக்கிற சத்தம், குழந்தைகளின் அழுகை என்று எல்லாவற்றையும் டைரியில் எழுதியிருக்கிறாள். அதே சமயத்தில் கீழ் அறையில் ஒரு பூர்வகுடிப் பெண்ணுக்குப் பிரசவம் ஆகி, அரை மணி நேரத்தில் அவள் குழந்தையோடு ஆற்றுக்குப் போய்க் குளித்தாள் என்றும் எழுதியிருக்கிறாள். மேலே படுத்திருந்தவளுக்குப் பெயர், டைரி, தனி அறை எல்லாம் இருக்கிறது. கீழே இருந்தவள் யார்? நான் கீழே இறங்கி ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்தேன். எந்த அறை என்று தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறேன் என்று மனைவி கேட்டாள், பதில் இல்லை.

மண்சுவர்:
நல்ல அனுபவம்தான், ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் நின்றது அந்த அறையே இல்லை. பழைய கோட்டை 1849இலேயே அழிந்துவிட்டது. இப்போது இருப்பது 1976இல், அந்தக் காலத்து ராணுவ அதிகாரி லெப்டினென்ட் ஏபர்ட் வரைந்து வைத்த படங்களையும் தோண்டிப் பார்த்த அடித்தளத்தையும் வைத்துக் கட்டியது. அசல் வேண்டுமென்றால் நியூ மெக்சிகோவில் ஃபோர்ட் யூனியன் போங்கள். 1851இல் தொடங்கி 1891இல் கைவிட்ட ராணுவக் கோட்டை, சுட்ட செங்கல் புகைபோக்கிகள் நிற்கின்றன, நடுவில் சுடாத மண் சுவர்கள் கரைந்து கரைந்து இடுப்பளவுக்கு வந்திருக்கின்றன. நான் போனபோது ஓர் ஆள் வாளியில் மண்ணைக் குழைத்து, சுவரின் மேல் கையால் பூசிக்கொண்டிருந்தார். மழையில் கரையாமல் இருக்க வருஷாவருஷம் இப்படிப் பூச வேண்டுமாம். அவர் உள்ளங்கைத் தடம் ஈரச் சுவரில் அப்படியே பதிந்திருந்தது. அதை விட்டு நகரவே மனம் வரவில்லை.

வண்டித்தடம்:
மண்சுவர் அண்ணே, அப்படியானால் நீங்கள் பார்த்ததும் போன வருஷத்து மண்தானே? இதில் எது அசல், எது நகல்? :)

என் கதை சின்னது. கான்சஸில் டாட்ஜ் சிட்டிக்கு மேற்கே ஒன்பது மைல், 50ஆம் எண் சாலை ஓரம், வண்டித் தடங்கள். உச்சி வெயிலில் போனேன், ஒன்றுமே தெரியவில்லை. சாயங்காலம் திரும்பி வரும்போது மறுபடி இறங்கிப் பார்த்தால், சரிவு முழுக்கப் பள்ளம் பள்ளமாக அலை மாதிரி எழுந்து நிற்கிறது.

போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு கோடு இருக்கும் என்று தேடாதீர்கள். திறந்த வெளியில் வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நான்கு வரிசையாகப் போகும், தாக்குதல் வந்தால் சட்டென்று வளைத்து அரண் கட்டலாம் என்பதற்காக. அதனால் தடம் அகலமான தாழ்வாக இருக்கும், புல்லின் நிறமே கொஞ்சம் மாறித் தெரியும். சூரியன் சாய்ந்திருக்கும்போது மட்டும் போங்கள். மூடிய ஷூ போடுங்கள், கோடையில் ராட்டில் பாம்பு உண்டு. தண்ணீர் காரில் எப்போதும் இருக்கட்டும், பெட்ரோல் பாதி டாங்கிக்குக் கீழே இறங்கும் முன் நிரப்புங்கள், மேற்கே போகப் போக ஊர்கள் அரிது. போனில் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாதை ஓரத்துப் பாறைக் குன்றான பானி ராக் பெரிதாக இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், ரயில்வேக்காரர்களும் குடியேறியவர்களும் பாதிப் பாறையை வெட்டிக் கொண்டுபோய்விட்டார்கள். கவுன்சில் குரோவ் ஊரின் பேர்பெற்ற ஓக் மரமும் 1958 புயலில் விழுந்துவிட்டது, அடிமரம் மட்டும்தான். பழைய ராணுவக் கோட்டையான ஃபோர்ட் லார்னெட்டைத் தவறவிடாதீர்கள், அங்கே ஒன்பது கட்டிடங்கள் அசல் மணற்கல்.

நெடுஞ்சாலை96:
யாரும் கேட்காமலே இவ்வளவு அறிவுரையா! சரி.

பென்ட்ஸ் ஃபோர்ட்டைப் பார்த்துவிட்டு, அதே பென்ட் குடும்பத்தின் கதையில் மறுபாதியைப் பார்க்க, கொலராடோவிலேயே இருக்கும் சாண்ட் கிரீக் போனேன். 1864 நவம்பர் 29, அமெரிக்கக் கர்னல் சிவிங்டனின் படை ஷையன், அராபஹோ பூர்வகுடிகளின் முகாமைத் தாக்கி 230 பேர் வரை கொன்றது, பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். முகாமில் அமெரிக்கக் கொடியும் வெள்ளைக் கொடியும் பறந்துகொண்டிருந்தன. கோட்டையை நடத்திய வில்லியம் பென்டுக்கு ஷையன் மனைவியிடம் பிறந்த பிள்ளைகள் அந்த முகாமில் இருந்தார்கள், இன்னொரு மகன் ராபர்ட்டை மிரட்டி வழிகாட்டியாக இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். இதெல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன். ஆனால் 96ஆம் எண் சாலையில் திரும்ப வேண்டிய இடத்தில் ஊர்ப் பலகை: சிவிங்டன். அந்த ஆளின் பெயரில் ஓர் ஊர்! நான்கைந்து வீடு இருக்கலாம். அவனால் செத்தவர்களைப் பார்க்கப் போக, அவன் பெயரைத்தான் வழியாகப் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. சாலை ஓரம் நிறுத்தி அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன், பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

கோதுமைநாடன்:
வருத்தமான விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த இழை வியாபாரப் பாதையைப் பற்றியது. 1821இல் பெக்னெல் என்ற வியாபாரி மிசூரியிலிருந்து சரக்கோடு கிளம்பியதில் தொடங்கி, 1880இல் ரயில் வந்து பாதையை மூடியதோடு முடிகிறது. துணி போனது, வெள்ளியும் கோவேறு கழுதையும் வந்தது. எதைப் பார்த்தாலும் அதில் ரத்தத்தைத் தேடுவது இப்போதைய பழக்கமாகிவிட்டது. நான் இதுவரை போகவில்லை, அடுத்த வருஷம் போகலாம் என்றிருக்கிறேன்.

நெடுஞ்சாலை96:
போகாமலேயே சொல்கிறீர்களா? கொலராடோவில் கிரானடா ஊர் வழியாகப் போனால் அமாச்சியில் இறங்குங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்து வைத்த முகாம், 1942 முதல் 1945 வரை, 7,000க்கும் மேல் ஆட்கள். கான்கிரீட் அடித்தளமும் அவர்கள் நட்ட மரங்களும் இன்னும் இருக்கின்றன. அமாச்சி யார் தெரியுமா? பென்டிடம் வேலை பார்த்து, இதே பாதையில் சரக்கு வண்டி ஓட்டிய ஜான் பிராவர்ஸின் ஷையன் மனைவி. அவள் அப்பா சாண்ட் கிரீக்கில் கொல்லப்பட்டவர். உங்கள் வியாபாரப் பாதையிலிருந்து இதை எப்படிப் பிரிப்பீர்கள், சொல்லுங்கள்.

புழுதிக்கால்:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். மண்சுவர், அறை நகல் என்று எனக்கும் தெரியும், ஆனால் ஆறு நகல் இல்லையே. சூசன் வந்த வருஷம் அந்த ஆறுதான் எல்லைக்கோடு, அக்கரை மெக்சிகோ. அந்தப் பெண் குழந்தையைக் குளிப்பாட்டியது அந்தத் தண்ணீரில்தான்.

அப்புறம், தனிச்செய்தியில் ஒருவர் அக்டோபரில் குழந்தைகளோடு போகலாமா என்று கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம். செப்டம்பர், அக்டோபரில் லா ஹூண்டா பக்கம் டாரன்டுலா சிலந்திகள் ஜோடி தேடிச் சாலையைக் கடக்கும், அதைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள். மாலை நேரத்தில் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். சிலந்தி என்றாலே அலறுகிற பிள்ளையாக இருந்தால் மே மாதம் போங்கள்.