மறு: பஃபரிங் என்பதற்குத் தமிழ்: 'கையிருப்பு' என்று வைக்கலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

காணொளிச் செயலியின் பிழைச் செய்திகளைத் தமிழாக்கும் இந்த இழையை முழுவதும் படித்தேன். படம் ஓடாமல் போகும்போது வரும் 'பிளேபேக் எர்ரர்' என்பதற்கு ஒரு சொல் வேண்டும் என்று தொடங்கிய பேச்சு இன்னும் ஓயவில்லை. அந்த ஒரு பெயருக்குள் நான்கைந்து கோளாறுகள் அடைந்து கிடப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒவ்வொன்றும் வேறு இடத்தில் பிறக்கிறது, வேறு வழியில் தீர்கிறது. செய்தியைப் படிப்பவர் அடுத்து எதைத் தொட வேண்டும் என்பதை நாம் வைக்கும் சொல்தான் முடிவு செய்யப்போகிறது.

தலைப்புச் சொல்லை முதலில் முடித்துவிடலாம்.

> 'பின்னணிப் பிழை' எப்படி? பின்னணிப் பாடகர் என்ற வழக்கு இருக்கிறதே.

இதை வலுவாக மறுக்கிறேன். கைபேசியில் 'பின்னணியில் இயங்குகிறது' என்றால் திரையில் தெரியாமல் ஒரு செயலி வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். 'பின்னணிப் பிழை' என்று பார்த்தவர், திறந்து கிடக்கும் மற்றச் செயலிகளை ஒவ்வொன்றாக மூடத் தொடங்குவார். 'இயக்கப் பிழை' என்றால் இயக்குதளத்தில் ஏதோ கெட்டுவிட்டது என்று தோன்றும். படம் ஓடுகிறது, ஓடவில்லை என்றுதான் நாம் எல்லோரும் சொல்கிறோம். ஆகவே 'ஓட்டப் பிழை' போதும். அதுவும் உதவிப் பக்கத்தின் தலைப்புக்கு மட்டும். திரையில் தனியாக அது வரவே கூடாது.

இனி பஃபரிங். இழையில் எல்லோரும் இடறும் இடம் இதுதான், விரிவாகப் பேச வேண்டியதும் இதுதான்.

இணையக் காணொளி பெரும்பாலும் ஒரே கோப்பாக வருவதில்லை. 2009இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையானாலும், 2012இல் பன்னாட்டுத் தரமான டாஷ் முறையானாலும், படம் சில நொடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் வழங்கியில் காத்திருக்கிறது. செயலி இப்போது காட்டும் துண்டுக்கு மேல் அடுத்த சில துண்டுகளையும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்கிறது. இதுதான் பஃபரிங், எடுத்து வைத்ததுதான் பஃபர். இணைய வேகம் குறைந்தால் அடுத்த துண்டைக் குறைந்த தரத்தில் கேட்கிறது. படம் மங்குகிறது, ஆனால் ஓடுகிறது. அப்போதும் வரவை மிஞ்சிச் செலவு போனால், எடுத்து வைத்தது தீர்ந்து படம் நிற்கிறது, வட்டம் சுழல்கிறது.

வரவு, செலவு, தீர்வது என்ற சொற்கள் இங்கே தாமாகவே வந்து விழுகின்றன. எடுத்து வைத்திருப்பதற்குத் தமிழில் எல்லோரும் அறிந்த சொல் ஒன்று இருக்கிறது: கையிருப்பு. கையிருப்பு குறைகிறது, தீர்ந்தது, நிரம்புகிறது, போதவில்லை என்று எந்த வினையையும் அது ஏற்கும். கலைச்சொல்லுக்கு நான் வைக்கும் முதல் சோதனை இதுதான். பெயராக அழகாக நின்று, வினை சேர்த்ததும் திணறும் சொல் பிழைச் செய்திக்கு உதவாது.

> 'இடையகம்' ஏற்கெனவே கலைச்சொல் பட்டியல்களில் இருக்கிறது. புதிதாக எதற்கு?

நியாயமான கேள்வி. கணினியியல் பாடத்தில் இரண்டு பகுதிகளுக்கு நடுவே நிற்கும் நினைவகத்தைச் சொல்ல இடையகம் நல்ல சொல். அங்கே அது நிலைக்கட்டும். ஆனால் 'இடையகம் நிரம்புகிறது' என்று திரையில் கண்டால், அது நல்லதா கெட்டதா என்பதே படிப்பவருக்குத் தெரியாது. சேமிப்பிடம் தீர்ந்துவிட்டது என்றுகூட எண்ணிக்கொள்ளலாம். கையிருப்பு நிரம்புகிறது என்றால் அந்த ஐயம் எழாது.

வேதியியலின் 'தாங்கல் கரைசல்' வழியே 'தாங்கல்' என்று ஒருவர் முன்வைத்தார். இணையத்தின் ஏற்ற இறக்கத்தைத் தாங்குவது என்ற பொருள் அருமையாகப் பொருந்துகிறது, வினைதான் சேரவில்லை. 'தாங்கல் தீர்ந்தது' காதில் ஒட்டவில்லை. 'முன்னிருப்பு' என்ற இன்னொரு முன்மொழிவு கையிருப்புக்கு மிக அருகில் வருகிறது. ஆனால் மென்பொருள் தமிழாக்கங்களில் முன்னிருப்பு என்பது 'டீஃபால்ட்' என்ற பொருளில் பரவலாகப் புழங்கிவிட்டது. அமைப்புகள் பக்கத்தில் 'முன்னிருப்பு மொழி' என்று ஒரு வரியும் 'முன்னிருப்பு அளவு' என்று அடுத்த வரியும் இருந்தால் குழப்பம் உறுதி.

படம் நடுவில் நிற்பதற்குத் தனிச்சொல் தேட வேண்டியதே இல்லை. 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தடங்கல் என்றே வைத்துக்கொள்வோம். கையிருப்பு தீர்ந்தால் தடங்கல்.

பஃபர், கேஷ் (ஒருமுறை எடுத்ததை மறுபடி எடுக்காமலிருக்கச் செயலி வைத்துக்கொள்வது) இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடக்கூடாது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இழையில் இரண்டு இடங்களில் இரண்டையும் 'தற்காலிகச் சேமிப்பு' என்று எழுதியிருக்கிறார்கள். இதனால் என்ன நடக்கும் என்று பாருங்கள். 'தற்காலிகச் சேமிப்பு நிரம்புகிறது' என்ற செய்தியைக் கண்டவர் ஆண்ட்ராய்டு அமைப்புகளுக்குப் போவார். அங்கே தற்காலிகச் சேமிப்பை அழிக்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே செயலியின் தரவு முழுவதையும் அழிக்கும் பொத்தான் இருக்கிறது. முதலாவதை அழுத்தினால் இணைய வேகம் கூடப்போவதில்லை. இரண்டாவதை அழுத்தினால் உள்நுழைவு போகும், பார்ப்பதற்காகப் பதிவிறக்கி வைத்திருந்த படங்களும் போகும். ஒரு சொல்லின் சோம்பல் பயனரிடமிருந்து இவ்வளவையும் பறித்துவிடுகிறது. கேஷ் என்பது தற்காலிகச் சேமிப்பாகவே இருக்கட்டும், பஃபர் கையிருப்பாகட்டும்.

அடுத்தது உரிமம், அதாவது இந்தச் சாதனத்தில் இந்தப் படத்தைக் காட்டலாம் என்ற அனுமதி. கைபேசியில் ஓடும் படம் அதே கணக்கில், அதே வைஃபையில், தொலைக்காட்சியில் ஓடாமல் போவதற்கு இணையம் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். வைட்வைன், பிளேரெடி, ஃபேர்பிளே போன்ற பாதுகாப்பு முறைகள், சாதனம் எவ்வளவு நம்பத்தக்கது என்று பார்த்தே படத்தைத் திறக்கும் சாவியைத் தருகின்றன. வைட்வைனில் எல்1 நிலைச் சாதனம் தனிக் காப்புள்ள வன்பொருளுக்குள் வேலையை முடிக்கிறது. எல்3 மென்பொருளை மட்டுமே நம்புகிறது, ஆகவே பல சேவைகள் அதற்கு உயர்தரப் படத்தைத் தருவதில்லை. இங்கேயும் படம் மங்கலாகத்தான் தெரியும். கையிருப்பு குறைந்ததால் வந்த மங்கல் சற்று நேரத்தில் தெளியும். உரிம நிலையால் வந்த மங்கல் எத்தனை முறை ரூட்டரை அணைத்துப் போட்டாலும் தெளியாது. இரண்டுக்கும் 'தரம் குறைக்கப்பட்டது' என்ற ஒரே வரியைப் போட்டிருக்கிறோம். இரண்டாவதை 'இச்சாதனத்தின் உரிம நிலைக்கு இந்தத் தரம்வரைதான் கிடைக்கும்' என்று மாற்றப் பரிந்துரைக்கிறேன்.

குரல் கேட்கிறது, திரை கறுப்பாக இருக்கிறது என்றால் சாதனத்தைத் திரையோடு இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிள் வழியில், நகலெடுப்பைத் தடுக்கும் எச்டிசிபி சரிபார்ப்பு நின்றுபோயிருக்கலாம். 4கே படத்துக்குப் பெரும்பாலும் எச்டிசிபி 2.2 வேண்டும், நடுவில் ஒரு பழைய பெட்டி அமர்ந்திருந்தால் அதுவே தடுத்துவிடும். இதற்கு 'ஹேண்ட்ஷேக்' என்பதை அப்படியே பெயர்த்துக் 'கைகுலுக்கல் தோல்வி' என்று எழுதியிருப்பதைத் தயவுசெய்து நீக்குங்கள். 'திரைக்கும் சாதனத்துக்கும் இடையிலான சரிபார்ப்பு முடியவில்லை. கேபிளைக் கழற்றி மீண்டும் செருகுங்கள்' என்றால் யாருக்கும் விளங்கும்.

படத்தைச் சுருக்கி விரிக்கும் முறையான கோடெக்கில் வரும் சிக்கலுக்கும் புதுச்சொல் தேவையில்லை. 2018இல் வந்த ஏவி1 வடிவத்தை அதற்கு முன் செய்த தொலைக்காட்சிகளின் வன்பொருள் அறியாது. 'இந்தப் பட வடிவத்தை இச்சாதனத்தால் காட்ட முடியாது' என்று சொல்லிவிட்டு நகரலாம்.

தளம் உண்மையானதுதான் என்று சாதனத்துக்குக் காட்டும் சான்றிதழில் வரும் பிழையில் கவனம் தேவை. சாதனத்தின் தேதி தவறாக இருந்தாலே பாதுகாப்பான இணைப்பு அமையாது. 2021 செப்டம்பர் 30 அன்று பரவலாகப் பயன்பட்ட மூலச் சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களுக்கு அடிப்படையானது) ஒன்று காலாவதியானபோது, புதுப்பிக்கப்படாத பழைய சாதனங்கள் பல, இணையம் நன்றாக இருந்தும் தளங்களைத் திறக்க முடியாமல் நின்றன. நம் வரைவில் இதற்கும் 'இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்' என்றே இருக்கிறது. 'தேதி, நேரத்தைப் பாருங்கள். மென்பொருளைப் புதுப்பியுங்கள்' என்பது முதலில் வர வேண்டும்.

பிழை எண்களை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். அனுமதி மறுக்கப்பட்டதைச் சொல்லும் 403 என்றால் 403தான். உதவி கேட்பவர் தேடப்போவது அந்த எண்ணைத்தான். அதே காரணத்துக்காக உதவிப் பக்கத்தின் முதல் பத்தியில் 'பஃபரிங் எனப்படும் கையிருப்பு நிரப்பல்' என்று ஒரு முறை எழுதிவிட வேண்டும். அதற்குப் பிறகு கையிருப்பு தனியே நிற்கட்டும்.

எனக்கே விடை கிடைக்காத ஒன்று நேரலை பற்றியது. நேரலையில் கையிருப்பு கூடக்கூடத் தடங்கல் குறையும், ஆனால் நிகழ்வுக்கும் திரைக்கும் இடையே உள்ள இடைவெளி நீளும். ஆட்டத்தின் முடிவு நமக்கு முன் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். இந்த இடைவெளிக்கு 'தாமதம்' என்றால் செயலியின் குறைபாடு போலத் தொனிக்கிறது. 'பின்தங்கல்' என்று குறித்து வைத்திருக்கிறேன், மனம் நிறையவில்லை. 'பின்தங்கல் 20 நொடி' என்று பொத்தானுக்கு அருகில் வர வேண்டிய சொல் இது. சிறியதாக இருக்க வேண்டும், எண்ணுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். உங்கள் முன்மொழிவுகளை இதே இழையில் எழுதுங்கள்.

நன்றி.