ரேடியம் போட்டுத் தருகிறேன் என்றார்

திருவல்லிக்கேணி வாசகர்:

தாத்தாவின் கைக்கடிகாரம் வெஸ்ட் எண்ட் சோவார் பிரைமா. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு வாங்கியது என்று பாட்டி சொல்வார். முட்களின் பூச்சு உரிந்து, எண்களின் மேல் இருந்த, இருட்டில் ஒளிர்வதற்கான பசை டிகாக்‌ஷன் நிறத்துக்கு மாறியிருந்ததால், பாரிமுனைக்கு அருகே ஒரு சந்துக் கடையில் கொடுத்தேன். "ரேடியம் போட்டுத் தருகிறேன், இருட்டில் பளிச்சென்று தெரியும்" என்றார் கடைப் பெரியவர். ஸ்கூட்டரின் பின்னால் ஒட்டும் பளபளப்புத் தாளையும் நம் ஊரில் ரேடியம் என்றுதான் சொல்கிறோம். அவர் அந்தப் பொருளில்தான் சொன்னார், நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன்.

அவர் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு ஊசி முனையால் பழைய பசையைச் சுரண்டினார். மேசைக் கண்ணாடியின் மேல் அது பழுப்புப் பொடியாக உதிர்ந்தது. அவர் குனிந்து வாயால் ஊதினார். பொடி பறந்த பக்கத்தில், தொழில் பழகும் பையன் பொட்டலத்தைப் பிரித்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்தக் காலத்து டயல்களில் இருந்தது கதிரியக்கம் உள்ள உண்மையான ரேடியம் என்று இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன். அதன் பிறகு இரண்டு முறை அந்தச் சந்து வரை போய், உள்ளே நுழையாமல் திரும்பிவிட்டேன். முட்கள் இப்போது நன்றாகவே ஒளிர்கின்றன. ஆனாலும் இரவில் அந்தக் கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.

கே.கே. நகர் வாசகர்:

ஐயா, நீங்கள் வீணாகக் கலங்குகிறீர்கள். என் மாமனாரின் கடிகாரத்திலும் பசை இதே நிறத்தில்தான் இருந்தது. டயலின் அடியில், சுவிஸ் தயாரிப்பு என்ற சொற்களுக்கு இருபுறமும் 'டி' என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்தேன். அது, கதிரியக்கம் உள்ள ஹைட்ரஜன் வகையான டிரிட்டியத்தைக் குறிக்கும் எழுத்து. 1960களில் ரேடியத்தின் இடத்துக்கு வந்த டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் காலம், 12.3 ஆண்டுகளே. உங்கள் டயலில் ரேடியமே இருந்திருந்தாலும், ஒளி செத்துப்போனது என்றால் வீரியமும் செத்துப்போனது என்றுதானே பொருள்?

பெரம்பூர் வாசகி:

கே.கே. நகர் நண்பர் டிரிட்டியத்தைப் பற்றிச் சொன்னது சரி, கடைசி வரி முற்றிலும் தவறு. அதை நம்பி யாரும் ஊசியை எடுத்துவிடக் கூடாது. அந்தப் பசையில் ஒளிர்வது ரேடியம் அன்று, அதனுடன் கலந்த துத்தநாக சல்பைடு. ரேடியத்தின் கதிர்கள் இடைவிடாமல் தாக்குவதால் சில பத்தாண்டுகளில் அந்தச் சல்பைடு சிதைந்து ஒளி மங்கிவிடுகிறது. ரேடியத்தின் அரை ஆயுளோ ஏறத்தாழ 1600 ஆண்டுகள். ஆகவே, 1940களின் டயலில் ரேடியம் ஏறக்குறைய முழுதாக இருக்கிறது. அதன் ஆல்பா கதிரை ஒரு தாளே தடுத்துவிடும். மூடிய கடிகாரத்துக்குள் இருக்கும்வரை அந்தப் பொடியும் யார் மூச்சிலும் கலப்பதில்லை. உடலுக்குள் போனால், கால்சியத்தைப் போல எலும்பில் போய்த் தங்கிவிடும்.

என் அப்பா, மூர் மார்க்கெட் 1985இல் எரியும்வரை, அதன் வெளித் திண்ணையில் கடிகாரம் பழுது பார்த்தவர். பள்ளி விட்டதும் நான் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். முள்ளுக்குப் பூச்சு வைக்கும்போது, தூரிகையின் மயிர் பிரிந்துவிடாமல் இருக்க அதை உதட்டில் வைத்து ஒருமுறை இழுத்துக் கூராக்கிக்கொள்வார். ஒருநாள் எனக்கும் ஒரு தூரிகையைக் கொடுத்து, "இப்படி இழு, கண்ணு" என்றார். நானும் இழுத்தேன். அவர் எழுபத்தொரு வயதில் மாரடைப்பில் இறந்தார். அதற்குத் தூரிகைதான் காரணம் என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஆனால், அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் ஆரஞ்ச் நகரத் தொழிற்சாலையில் டயல் தீட்டிய இளம்பெண்களுக்கும் இதே முறையைத்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள் என்றும், அவர்களில் பலரின் தாடை எலும்பு அழுகிப்போனது என்றும், ஐந்து பேர் தொடுத்த வழக்கு 1928இல் சமரசத்தில் முடிந்தது என்றும் படித்தபோது, என் உதட்டில் அந்தத் தூரிகையின் ஈரத்தை உணர்ந்தேன்.

வேளச்சேரி வாசகர்:

நான் வீட்டிலேயே எச்.எம்.டி. பைலட் ஒன்றின் முட்களுக்குப் புதிதாகப் பூச்சு வைத்தேன். ஐப்பசி மழையில் பொடிக் குப்பியைத் திறந்து வைத்துவிட்டதால் பாதிப் பொடி வீணாயிற்று.

செய்ய விரும்புவோருக்குச் சில சொற்கள். இப்போது கிடைக்கும் பொடி ஸ்ட்ரான்சியம் அலுமினேட். 1993இல் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் கண்டறிந்த இந்தப் பொருளில் கதிரியக்கம் கிடையாது. வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு இருட்டில் சிறிது சிறிதாக விடும். ஈரம் பட்டால் ஒளி குறையும் என்பதால், நம் ஊரில் குப்பியைச் சிலிக்கா ஜெல் பையுடன்தான் மூடி வைக்க வேண்டும். முதலில் முள்ளின் நிறப் பூச்சை மெல்லிய இரண்டு படலங்களாக வைத்து, ஒவ்வொன்றையும் தூசி படாமல் கவிழ்த்த கிண்ணத்தின் கீழ் காயவிடுங்கள். பொடியை அதற்குரிய வார்னிஷுடன் தேன் பதத்தில் குழைத்து, முள்ளின் பின்புறத்திலிருந்து ஒரே இழுப்பில் அதன் நடுவிலுள்ள இடைவெளியில் நிரப்புங்கள். இரண்டாவது முறை தொட்டால் மேடு விழும். பின்புறம் மேடு விழுந்த நிமிட முள், கீழே இருக்கும் மணி முள்ளில் உரசிக் கடிகாரத்தையே நிறுத்திவிடும். பழைய நிறம் வர வேண்டுமானால் துளி பழுப்பு நிறமி கலக்கலாம், ஆனால் அந்த அளவுக்கு ஒளியை இழப்பீர்கள். ஒரு நாள் முழுவதும் காயாமல் முள்ளைப் பொருத்தாதீர்கள்.

திருவல்லிக்கேணி வாசகர்:

வேளச்சேரி நண்பருக்கு நன்றி. ஆனால் நான் முள்ளைப் பற்றிக் கேட்கவில்லை, அந்தப் பையனை நினைத்துத்தான் எழுதினேன். பெரம்பூர் சகோதரி எழுதியதைத் தாளில் படியெடுத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை கடைக்குப் போகிறேன். பழைய டயலைச் சுரண்ட வேண்டாம் என்றும், சுரண்டியே ஆக வேண்டுமென்றால் ஊதாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள் என்றும், அந்த மேசையில் யாரும் சாப்பிட வேண்டாம் என்றும் பெரியவரிடம் சொல்வேன். பையன் அங்கே இருந்தால் அவனிடம் தனியாகவும் சொல்வேன்.