மேல் வீட்டு பாத்ரூம் கசிவு: அசோசியேஷன் கை விரிக்குது, யார் செலவு இது?

மூணாம்மாடி:
எங்க பெட்ரூம் சீலிங்ல, பாத்ரூம் சுவரை ஒட்டி, முதல்ல உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளா ஒரு கறை. இப்போ கட்டிலுக்கு நேர் மேல வரைக்கும் பரவியாச்சு. பெயிண்ட் உப்பி, காலைல எழுந்தா தலையணையில காரைத் தூள். போன வாரம் ஒரு சில்லு பெயர்ந்து விழுந்துச்சு, உள்ள துருப்பிடிச்ச கம்பி பல்லைக் காட்டுது.

மேல வாடகைக்கு இருக்கறவங்க தங்கமானவங்க. "ஓனர்கிட்ட சொல்லிட்டோம்க்கா"ங்கறாங்க. ஓனரோ, "எங்க தரை காய்ஞ்சுதானே இருக்கு"ன்னு போனை வெச்சிடறார். செக்ரட்டரி வாட்ஸ்அப்ல ஒரே வரி: "இது உங்க ரெண்டு பேர் விஷயம்." லாபிக்கு கிரானைட் போட மட்டும் ஒரே மீட்டிங்ல முடிவெடுக்கத் தெரியுது!

மெயின்டனன்ஸ் கட்டாதேங்கறார் எங்க வீட்டுக்காரர். நிறுத்திடலாமா?

பழைய செக்ரட்டரி:
நிறுத்தாதீங்கம்மா. பாக்கிப் பட்டியல்ல உங்க பேர் ஏறின அடுத்த நிமிஷம் பேச்சு சீலிங்கை விட்டு உங்க பாக்கிக்குத் தாவிடும். நான் பார்த்த கமிட்டி எல்லாத்துக்கும் இந்த வித்தை தெரியும்.

ஒரு வீட்டுக்குள்ள மட்டும் ஓடற பைப், டைல்ஸ் எல்லாம் பொதுவா அந்த ஓனர் பொறுப்பு. ஷாஃப்டுல, அதாவது மாடி மாடியா பைப் இறங்கற செங்குத்துச் சந்துல, பல வீட்டுக்கும் சேர்ந்து இறங்கற பைப், வெளிச்சுவர், மொட்டை மாடி இதெல்லாம் அசோசியேஷன் தலையில. உங்க பைலாவுல, அதாவது அசோசியேஷன் விதிகள்ல, எப்படின்னு ஒரு தடவை பார்த்துடுங்க. வாட்ஸ்அப்ல சண்டை போட்டா அடுத்தடுத்த மெசேஜ்ல மேல ஏறி மறைஞ்சிடும். போட்டோவோட கடிதமா கொடுத்து, மீட்டிங் மினிட்ஸ்ல ஏத்தச் சொல்லுங்க.

சிவில் ஆள்:
"தரை காய்ஞ்சிருக்கு"ங்கறது பேச்சே இல்ல. நிறைய கட்டடத்துல பாத்ரூம் ஸ்லாபை, அதாவது கான்கிரீட் தளத்தை, தாழ்த்திப் போட்டு, அந்தப் பள்ளத்துல பைப்பைப் படுக்க வெச்சு, செங்கல் துண்டை நிரப்பித்தான் மேல டைல்ஸ் ஒட்டியிருப்பாங்க. கசியற தண்ணி அந்த நிரப்புல ஊறி, ஸ்லாபுல எங்க விரிசலோ அங்க இறங்கும். மேல பொட்டு ஈரம் தெரியாது.

உடைக்கறதுக்கு முன்னாடி சோதிங்க. அவங்க ஊருக்குப் போயிருக்கும்போதும் சொட்டுதா? அப்போ எப்பவும் பிரஷர்ல இருக்கற சப்ளை லைன் மேல சந்தேகம். வால்வை மூடினா சொட்டு குறையணும். குறையலைன்னா, தரையில இருக்கற ட்ரெய்னை அடைச்சு 24 மணி நேரம் தண்ணி தேக்குங்க. அதுல இறங்கினா வாட்டர்ப்ரூஃபிங் போச்சு. இறங்கலைன்னா, அடைப்பை எடுத்து ஒரு வாளி தண்ணியை வேகமா ஊத்துங்க. அதுக்கப்புறம் சொட்டினா கழிவு லைன்.

கம்பியை லேசா விடாதீங்க. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும். அதான் கான்கிரீட்டைத் தள்ளிப் பெயர்க்குது, இன்னும் பெயர்க்கும். கட்டிலை முதல்ல நகர்த்துங்க!

மேல்வீட்டுக்காரன்:
எதிர்க்கட்சிக் குரல் ஒண்ணு. கீழ்வீட்டுக்காரர் போட்ட கூச்சல்ல பாத்ரூம் டைல்ஸ் மொத்தமும் உடைச்சேன், கசிவு நிக்கல. கடைசியில பார்த்தா ஷாஃப்ட் பைப். உடைச்ச காசை யாரும் தரல, ஒரு ஸாரி கூட இல்ல. சோதிக்காம ஓனரைத் திட்டாதீங்க.

மூணாம்மாடி:
சோதிச்சாச்சு. ஓனரே வந்து நின்னார், அது ஒரு அதிசயம். வால்வை மூடினோம், மாற்றமில்ல. மறுநாள் காலை வரைக்கும் தண்ணி தேக்கினோம், புதுசா எதுவும் இறங்கல. வாளியை ஊத்தின கொஞ்ச நேரத்துல எங்க சீலிங்ல சொட்டு! ஷாஃப்ட் கதவைத் திறந்து டார்ச் அடிச்சா, அவங்க பைப் பெரிய பைப்போட சேர்ற ஜாயிண்ட்ல பாசி பிடிச்சு, சுவர் முழுக்க ஈரம். இப்ப செக்ரட்டரி "ஜாயிண்ட் வரைக்கும் அவங்களோடது"ங்கறார். ஓனர் "ஷாஃப்ட் பொது"ங்கறார்.

பழைய செக்ரட்டரி:
ஜாயிண்டுக்கு எல்லைத் தகராறா! அந்த ஷாஃப்ட் சாவி யார்கிட்ட இருக்குன்னு செக்ரட்டரியைக் கேளுங்க. பாதிப் பாதின்னு எழுதி வாங்கிட்டு வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்க, பைலா சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். உங்க சீலிங் ரிப்பேரையும் அதே எஸ்டிமேட்ல சேர்த்துடுங்க, தனியா விட்டா தொங்கும்.

சிவில் ஆள்:
ஆமா. ஜாயிண்ட் சரியானதும் பெயிண்டரைக் கூப்பிட்டுடாதீங்க, ஸ்லாப் காய வாரக்கணக்காகும். காய்ஞ்சதும் தளர்ந்த கான்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பியைச் சுத்தித் துருவைத் தேய்ச்சு, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த மார்ட்டர் வைக்கணும். வெறும் பட்டி பூசிட்டுப் போனா கூலி கொடுக்காதீங்க.